நரித்தடத்துக்குத் தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி முழுவதையும் நான் ஊரில் கழித்தேன். சேலத்தில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர் வேலை, பெரும்பாலும் இரவுப் பணி. மஞ்சள் காமாலை வந்ததும் மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். மோரில் கலக்கிய கீழாநெல்லி, உப்பில்லாச் சோறு, பகலில் தூக்கம். இரவில் விழித்துப் பழகிய உடம்புக்கு விடியலுக்கு முன்பே விழிப்பு வந்துவிடும். கண்ணைத் திறந்தால் எல்லாம் லேசாக மஞ்சளாகத் தெரியும். வாசலில் மாமா, அக்காவின் கணவர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"மாப்ள, வாரீங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போவேன். ஒரு நரியின் வழியைப் பார்க்கத்தான் போனோம்.

எங்கள் ஊர் சேலத்துக்குக் கிழக்கே, ஆத்தூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கரட்டின், அதாவது பாறைக் குன்றின், அடியில் இருக்கிறது. மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்றே சொல்வோம். கடலை, சோளம், ஆமணக்கு, கிணறு இருந்தால் கொஞ்சம் மிளகாய், குச்சிக்கிழங்கு. காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. வேலிக்கு அப்பால் புறம்போக்கு, அதற்கு அப்பால் கரடு. கரட்டின் பாறை இடுக்குகளில் வங்காநரிகள் குடியிருந்தன. நாயைவிடச் சிறியது, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், குச்சிக் கால்கள், வால் நுனியில் கறுப்பு.

காணும் பொங்கலன்று காலையில் இந்த நரி ஒன்றை வலையில் பிடித்து, வாயைத் துணியால் கட்டி, மாரியம்மன் கோயிலுக்குத் தூக்கி வருவார்கள். ஊர் முழுக்க வரிசையில் நின்று அதன் முகத்தைப் பார்க்கும். கோயிலை ஒரு சுற்று சுற்றியதும் கரட்டடியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நரி திரும்பிப் பார்க்காமல் ஓடும். அந்த வருடம் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. இதற்கெல்லாம் எதிராக அப்போதே சட்டம் வந்திருந்தது. அது எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை.

நரியின் வழியைப் பார்க்கும் வேலை மார்கழி பிறந்ததுமே தொடங்கிவிடும். நரி பழகிய வழியில்தான் போகும். விரட்டினாலும் பழகிய வழியில்தான் ஓடும். அந்த வழியைக் கண்டுபிடித்து, அது மாறாமல் காத்து, கடைசி நாளில் அதன் குறுக்கே வலை கட்ட வேண்டும். கற்றாழை நாரில் பின்னிய வலை ஊருக்குப் பொது. கார்த்திகை தீபம் முடிந்து கூடும் கூட்டத்தில் ஒருவர் கையில் அதைக் கொடுப்பார்கள். அந்த மார்கழியில் வலை மாமாவிடம் இருந்தது.

அவர் கையில் அது வந்ததே ஆச்சரியம். மாமா எருமப்பட்டிக்காரர். அப்பா இறந்து, நான் பத்திரிகை வேலைக்குப் போனதும், எங்கள் நிலத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் போயிற்று. அக்காவைக் கட்டிக்கொண்டு எருமப்பட்டியில் நிம்மதியாக இருந்தவர் இங்கே வந்து ஏர் பூட்டினார். வந்து பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. எங்கள் கிணற்றைத் தூர் வாரியது அவர். மண் அரித்துப் போன வரப்பையெல்லாம் மறுபடி எடுத்துக் கட்டியதும் அவர்தான். ஆனாலும் ஊருக்கு அவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு எங்கள் ஊரில் மரியாதை உண்டு. வந்தால் எழுந்து நிற்பார்கள், பாய் போடுவார்கள். ஊர்க் காரியம் பேசும்போது மட்டும் அவர் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள். கோயிலில் வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேங்காய் மூடி கொடுக்கும்போது எங்கள் வீட்டுக்கு என் பெயரைத்தான் சொல்வார்கள். நான் சேலத்தில் அச்சு மையின் வாசனைக்குள் உட்கார்ந்திருப்பேன். மாமா எழுந்து போய் என் பெயருக்கு வாங்கி வருவார்.

முந்தைய இரண்டு வருடங்களும் நரி அகப்படவில்லை. மழையும் சரியில்லை. அதனால் அந்தக் கார்த்திகைக் கூட்டத்தில் வலையை வாங்க ஒருவரும் முன்வரவில்லை. ஊர்ப் பெரியவர் இரண்டு தரம் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாராம். ஓரத்தில் நின்ற மாமா, "நான் கட்டுறனுங்க" என்றிருக்கிறார்.

"மாப்பிள்ளை, அது முயல் இல்லீங்க" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். எருமப்பட்டிப் பக்கம் முயல் வேட்டை அதிகம்.

"முசலோ நரியோ, நாலு காலுதானுங்களே" என்றாராம் மாமா.

அக்கா இதை எனக்குச் சொல்லும்போது சிரிக்கவில்லை. "இவரா போய்க் கேட்டு வாங்கியிருக்காரு. நரி அகப்பட்டா சந்தோசம். அகப்படலைன்னா, வெளியூர் ஆளு கை பட்டதாலதான்னு சொல்லுவாங்க. அப்புறம் செத்தாலும் ஒரு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. மாப்பிள்ளையாவே இருந்து மாப்பிள்ளையாவே போயிருவாரு."

முதல் வாரங்கள் எனக்கு ஒரு கனவுபோல நினைவில் இருக்கின்றன. காமாலை உடம்பின் தளர்ச்சியும் பனியும் சேர்ந்துகொண்டன. வேலியில் பனித்துளி கோத்திருக்கும். கரடு இருக்கும் திசையில் வெறும் வெள்ளை. மாமா சில அடி முன்னால் போவார். துண்டு கட்டிய அவர் தலை பனியில் மிதந்து போவது போலிருக்கும். திடீரென்று தலை கீழே இறங்கிக் காணாமல் போகும். குனிந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டு நானும் போய்க் குனிவேன்.

குனிந்தால்தான் பனிக்குக் கீழே உலகம் தெளிவாக இருக்கும். ஈரப் புழுதியில் நான்கு விரல், நக நுனிகள், பின்னால் ஒரு மேடு. நாயின் அடி அகலமாகப் பரந்திருக்கும். நரியினுடையது நெருக்கமாக, ஒன்றன்பின் ஒன்றாக, நூல் பிடித்தது போல நேர்கோட்டில் போகும். வரப்பு முனையில், மண் உயர்ந்த இடத்தில், காய்ந்த விட்டை. மாமா அதைக் குச்சியால் பிரிப்பார். இலந்தைக் கொட்டை, வண்டின் இறக்கை, ஒரு முறை நண்டு ஓடு.

"ராத்திரி நம்ம கெணத்து வாய்க்காலுக்கு வந்திருக்குது மாப்ள. நண்டு இங்கதான் இருக்குது."

கரட்டிலிருந்து இறங்கி, புறம்போக்கைக் கடந்து, எங்கள் வேலியின் கிழக்கு மூலையில் ஒரு இடைவெளி வழியாக உள்ளே வந்து, வரப்பை ஒட்டி வாய்க்கால் வரை போய், அதே வழியில் அது திரும்பியது. சில நாள் வேறு சந்துகளில் நுழைந்தது. அந்தச் சந்துகளை மாமா இலந்தை முள்ளால் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். ஒரே நாளில் அடைத்தால் அது சந்தேகப்படும். இன்று ஒரு கிளை, நாளை ஒரு கிளை. மூலை இடைவெளியில் மட்டும் புழுதியைச் சலித்துப் பரப்பினார், அடி தெளிவாக விழுவதற்காக.

"ஏங்க, என் மாவுச் சல்லடை எங்க?" என்று ஒரு காலை அக்கா கேட்டாள்.

"காட்டுல இருக்குது."

"காட்டுல அதுக்கென்ன வேலை?"

"புழுதி சலிக்கறதுக்கு எடுத்துட்டுப் போனேன்."

"நரிக்குப் புட்டு அவிக்கறீங்களா? நல்லா அவிங்க. மனுசனுக்கு இன்னிக்குக் கம்மஞ்சோறுதான்."

மார்கழியின் நடுவில் எனக்கு மறுபடி காய்ச்சல் வந்துவிட்டது. சில நாள் படுக்கையை விட்டு எழவில்லை. மறுபடி போனபோது வெயில் லேசாக வந்திருந்தது. மூலைக்குப் போனதும் எனக்கு இடம் அடையாளம் தெரியவில்லை.

தடம் சுத்தமாக இருந்தது. இருபுறமும் புல்லைச் செதுக்கி, ஓரத்தை மண்வெட்டியால் நேராக வெட்டி, மேலே சாய்ந்திருந்த கிளுவைக் கிளைகளைக் கழித்து, தரையைக் கூட்டியிருந்தார். பார்க்க அழகாக இருந்தது. பிழை திருத்தி முடித்த பக்கத்தைப் பார்ப்பது போன்ற ஒரு திருப்தி எனக்கே ஏற்பட்டது.

"முசலுத் தடத்த இப்படித்தான் பண்ணுவோமுங்க" என்றார் மாமா. "வழி சுத்தமா இருந்தா நிக்காம ஓடியாரும். எங்கப்பாரு காலத்துல இருந்து அப்படித்தான்." சொல்லிக்கொண்டே வரப்பில் முளைத்திருந்த ஒரு கோரையைக் குனிந்து பிடுங்கிப் போட்டார். பிடுங்கியது அவருக்கே தெரியாது. களையைப் பார்த்தால் அந்தக் கை தானாக இறங்கும்.

சலித்த புழுதி அன்று வெறுமையாக இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் ஒரு காக்கையின் கால் மட்டும் பதிந்திருந்தது.

பக்கத்துக் காடு என் சித்தப்பா முறைக்காரருடையது. அப்பாவின் பங்காளி, மாமாவுக்கு மாமனார் முறை. அவர் எங்கள் வேலியோரம் வந்து நின்று, வாயிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு, வெகுநேரம் தடத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, ரோடு நல்லா வந்திருக்குங்க."

மாமா மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தார் எப்ப ஊத்தறாங்க? பஸ்ஸு விட்டா சொல்லுங்க, நான் முன் சீட்டுல ஏறிக்கறேன்."

"நரி எந்தப் பக்கம் போகுதுங்க மாமா?" என்று கேட்டார் மாமா.

"அதுக்கென்ன பைத்தியமா, மனுசன் கூட்டி வெச்ச எடத்துல கால் வெக்க? எங்க கல்லுக் குமி பக்கம் சுத்திக்கிட்டுப் போகுதுங்க. உங்கள மாதிரி சுத்தம் பாக்கறவங்க எங்க பக்கம் இல்லைன்னு தெரிஞ்சுக்கிச்சு."

மரியாதையாகத்தான் சொன்னார், ஒவ்வொரு 'ங்க'வையும் அழுத்தி. அவர் போன பிறகு மாமா மண்வெட்டியை வேலியில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. கல் குவியல் பக்கம் திறந்த வெளி. அங்கே வலை கட்ட முடியாது.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்த பிறகு, அக்காவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "மாப்ள, புடுங்குனத நட்டுப் போடலாமுங்க."

அக்கா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "எதை?"

"களைய."

அவள் கையை எடுக்காமல் அவரையே பார்த்தாள். "கீழாநெல்லியக்கூட விட்டு வெக்காமப் புடுங்கிட்டு, என் தம்பிக்கு நான் ஊரெல்லாம் தேடிக்கிட்டு இருக்கேன். அதையும் நடுவீங்களா?"

"அதையுந்தான்."

அடுத்த சில மாலைகளில் நாங்கள் செய்த வேலையை என் வாழ்நாளில் வேறெங்கும் பார்த்ததில்லை. கிணற்று வாய்க்கால் ஓரத்திலிருந்து அறுகு, கோரை, தும்பை, துத்தி, கீழாநெல்லி எல்லாவற்றையும் வேரோடும் மண்ணோடும் பெயர்த்துக் கூடையில் அடுக்குவார் மாமா. நான் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்வேன், அந்த அளவுக்குத்தான் பலம். மூலையில் போய் அவர் நடுவார். முதல் நாள் நட்டு முடித்து நிமிர்ந்தபோது, களைகள் மிளகாய் நாற்று போல வரிசையாக, சம இடைவெளியில் நின்றன.

நான் சிரித்துவிட்டேன். மாமா பின்னால் தள்ளிப் போய்ப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கை கேக்க மாட்டீங்குது. கண்ண மூடிக்கிட்டு நட்டாத்தான் கோணலா வருமாட்ட இருக்குது."

மறுபடி எல்லாவற்றையும் பிடுங்கி, உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு நட்டார். பிறகு கிணற்றிலிருந்து தோளில் குடம் குடமாகத் தண்ணீர். மார்கழி வெயில் இதமானதுதான், ஆனாலும் பெயர்த்து நட்ட வேருக்கு ஈரம் வேண்டும். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். அறுவடை முடிந்து வெளுத்துக் கிடந்த காட்டின் ஓரத்தில் அந்தப் பச்சைக் கீற்று மெல்ல நிமிர்ந்தது. குடத்தைச் சாய்த்து அவர் ஒவ்வொரு தூருக்கும் நிதானமாக ஊற்றுவதையும், தண்ணீர் புழுதியில் கறுப்பாகப் பரவுவதையும் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் உலகத்தில் வேறு செய்தியே இல்லை என்று தோன்றும்.

ஊருக்கு அது செய்தியாகிவிட்டது. நான் தபால் போடப் போனபோது டீக்கடையில் காதில் விழுந்தது.

"எருமப்பட்டிப் பக்கம் களைதான் வெள்ளாமையாமே?"

"ஆமாமா. நெல்லைப் புடுங்கி வரப்புல போட்டுருவாங்களாம்."

"சும்மா இருங்கடா, அவரு மச்சினரு நிக்கிறாரு."

உடனே பேச்சு மாறியது. ஒருவர் எனக்கு இடம் கொடுத்து நகர்ந்து உட்கார்ந்தார். மாமாவுக்கு இதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. காட்டுக்குக் குடத்தோடு போகும்போது தெருவைக் கடக்காமல், சுற்றி வாய்க்கால் வழியாகவே போய்வந்தார்.

பொங்கலுக்கு முந்தைய வாரத்தில், ஒரு காலை, புழுதியில் அடி இருந்தது. போனதும் வந்ததும் தெளிவாக. மாமா என் தோளைத் தொட்டார்.

அதன் பிறகு ஒரு நாள் அதைப் பார்த்தோம். காற்று எங்கள் பக்கம் வீசும்படி ஆமணக்குச் செடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பனி தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதற்குள்ளிருந்து முதலில் இரண்டு காதுகள் வந்தன. முகத்துக்குப் பொருந்தாத பெரிய காதுகள். பிறகு முகம். வேலி இடைவெளியில் அது நின்றது. நட்டு வைத்த தும்பையை மோந்து பார்த்தது. அதன் மேல் காலைத் தூக்கிச் சிறுநீர் விட்டது. பிறகு, யாருடைய காடு என்ற கேள்வியே இல்லாதது போல, ஓடாமல், நடக்காமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு நடையில் எங்கள் முன்னால் கடந்து போனது. கறுத்த வால் நுனி கடைசியாகப் பனியில் கரைந்தது. கொஞ்ச நேரத்துக்கு நான் அதைப் பார்த்தேனா, காய்ச்சலில் நினைத்தேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.

"நம்ம தும்பைய ஏத்துக்கிச்சுங்க மாப்ள" என்றார் மாமா. அவர் கண்ணில் நீர் இருந்தது. குளிரால் என்றும் சொல்லலாம்.

பொங்கல் நல்லபடியாகப் போனது. மறுநாள் மாட்டுப் பொங்கல்.

எங்கள் ஊரில் அன்று பிற்பகல் பட்டியில் பொங்கல் வைத்து மாடுகளுக்கு ஊட்டியதும் எல்லாக் கயிறுகளையும் அவிழ்த்துவிடுவார்கள். அதிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஊரின் மாடும் ஆடும் எங்கே போனாலும், யார் காட்டில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது. குச்சியைத் தொடக் கூடாது, அதட்டக் கூடாது. வருடத்தில் அந்த ஒரு பொழுது அவற்றுடையது. கிழங்குக் காட்டுக்காரர்கள் முன்கூட்டியே முள் போட்டு அடைத்துக்கொள்வார்கள். மற்றக் காடுகளில் அறுவடை முடிந்து தாள் மட்டும்தான் இருக்கும். யாரும் கவலைப்படுவதில்லை. மாமாவும் பத்து வருடமாக இதைப் பார்த்தவர்தான். இந்த வருடம் தை மாதத்து வெளுப்புக்கு நடுவில் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஒரே பச்சை அவர் கையால் நட்டது என்பது, கொம்புக்குச் சாயம் பூசிய மாடுகள் வாசனை பிடித்துக்கொண்டு எங்கள் மூலையை நோக்கித் திரும்பும் வரை அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே கூட்டம். சித்தப்பாவின் செவலைப் பசு நடுவில் நின்று அறுகை வேரோடு இழுத்துக்கொண்டிருந்தது. ஆடுகள் வேலியின் இலந்தை முள் அடைப்பைப் பிரித்து உள்ளே நுழைந்திருந்தன. கழுத்து மாலைகள் அறுந்து விழுந்து, ஆவாரம்பூவும் சாணியும் புழுதியும் ஒன்றாகக் கலந்தன. மாமா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கட்டியிராவிட்டால் எதையாவது எடுத்து வீசியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சித்தப்பாவும் வந்து பக்கத்தில் நின்றார்.

"மாமா, உங்க செவலையக் கொஞ்சம் கூப்பிடக் கூடாதுங்களா?"

"கூப்பிடலாம். வரணுமே. இன்னிக்கு நாம சொல்றத எது கேக்கும்?" அவர் குரலில் கேலி இல்லை. கரட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க பாருங்க, உங்க மயிலையும் வருது."

எங்கள் சொந்தக் காளை, நீலக் கொம்போடு, நிதானமாக நடந்து வந்து மிச்சமிருந்த தும்பையில் வாயை வைத்தது.

மறுநாள் விடியற்காலையில் மாமா வலையைக் கட்டத்தான் செய்தார். சாணியை அள்ளி, முள்ளை மறுபடி அடைத்து, புழுதியைப் பரப்பி, முடிந்ததையெல்லாம் செய்தார். கரட்டுப் பக்கமிருந்து ஊர் இளவட்டங்கள் பறையோடு இறங்கினார்கள். சத்தம் பனிக்குள் உருண்டு வந்தது. வலைக்குப் பக்கத்தில் மாமா, சித்தப்பா, நான். முதலில் ஒரு முயல் வந்தது, வலையின் பெரிய கண்களில் ஒன்றுக்குள் புகுந்து மறுபக்கம் போய்விட்டது. பிறகு நரி. புறம்போக்கில் நேராக எங்கள் மூலையை நோக்கித்தான் வந்தது. வேலிக்கு வெளியே நின்றது. தலையைத் தாழ்த்தி, மாடுகள் மிதித்த மண்ணை மோந்தது. பறைச் சத்தம் நெருங்க நெருங்க அது அவசரப்படவே இல்லை. ஒரு முறை தலையைத் தூக்கியது. பிறகு பக்கவாட்டில் திரும்பி, திறந்த வெளியில் கல் குவியலைச் சுற்றிக்கொண்டு, இளவட்டங்களின் வரிசை விலகிய இடத்தில் புகுந்து கரட்டில் ஏறியது. பாறை மேல் சற்று நின்றது. பனி விலகத் தொடங்கியிருந்ததால் எல்லோரும் பார்த்தார்கள்.

கோயில் முன்னால் அரைமணி நேரம் வாக்குவாதம்.

"நரி நின்னுச்சு, நாம பாத்தோம். முகத்துல முழிச்ச கணக்குதான்."

"முகத்தையா பாத்த? வாலத்தான பாத்த?"

"திரும்புச்சுடா. நான் பாத்தேன்."

"உனக்கு உன் பொண்டாட்டி முகமே பத்தடியில தெரியாது."

நரியின் முதுகுதான் தெரிந்தது என்று ஊர்ப் பெரியவர் முடித்தார். நரி இல்லாமலே பூசை நடந்தது. வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டு முறை வந்ததும் என் பெயர்தான். நான் அங்கேயே நின்றிருந்தேன். போகவா என்பது போல மாமாவைப் பார்த்தேன். அவர் வழக்கம்போலத் தானே போய்த் தேங்காய் மூடியை வாங்கி வந்து என் கையில் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது ஊர்ப் பெரியவர் கூப்பிட்டார். "வலை எங்க?"

"இங்கதானுங்க இருக்குது. கோயில்ல வெச்சுர்றனுங்க."

"வெறும் வலை கோயிலுக்குள்ள வரக் கூடாது. அடுத்த கார்த்திகை வரைக்கும் கட்டுன ஆளு ஊட்லதான் தொங்கணும். தொங்கவிடறத ஊரு வந்து பாக்கணும். தெரியாதா?"

மாமாவுக்குத் தெரியாது. முன்பு வலை கட்டியவர்கள் வீட்டுக்கு ஊர் போனபோது அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கும் மறந்திருந்தது. நான் வெகுநாளாக ஊர்ப் பொங்கலில் இருந்ததில்லை.

அக்கா அடுப்பில் உலை வைத்திருந்தாள். வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இருபது முப்பது பேர் எங்கள் வாசலுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வருபவர்கள் தவிர அந்த வீட்டுக்குள் அப்படி யாரும் வந்ததில்லை.

மாமா மாட்டுக் கொட்டகையில் ஏணியைச் சாய்த்து ஏறினார்.

"அந்த உத்தரத்துல வேணாம்யா. எலி அறுத்துரும்."

"நடு உத்தரத்துல கட்டு."

"நடுவுல கட்டுனா மாடு கொம்பால இழுக்கும். இவன் வேற. கயித்த இந்தப் பக்கம் போடு மாப்ள."

"அக்கட்ட போடுங்க, அக்கட்ட" என்று ஒருவர், 'அந்தப் பக்கம்' என்பதை மாமா சொல்வது போலவே சொல்லிக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் ஏணி மேல் இருந்தபடியே சிரித்தார். தலையெல்லாம் ஒட்டடை.

"இப்படிங்களா?"

"இப்படி இல்ல! இறங்கு, நான் காட்டறேன்." சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். "அறிவிருக்காயா உனக்கு? தை மாசத்துல பச்சையா எதையாவது வெச்சா மாடு விடுமா? அடுத்த தரம் களை நட்டா ஊருக்குச் சொல்லிட்டு நடு. மாட்டுப் பொங்கலுக்கு அந்த மூலையில முள்ளு போடறது எங்க வேலை."

"செவலையக் கட்டிப் போட்டிருந்தா ஆயிருக்கும்" என்றார் மாமா.

"என் செவலையச் சொல்றியா? உன் மயிலை என்ன பண்ணுச்சு?"

அக்காவிடம் டம்ளர்கள் போதவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்தாள். சுக்குக் காப்பி மூன்று தரம் போட்டாள். யாரும் சீக்கிரம் போவதாக இல்லை. வலை தொங்கிய பிறகும் அதன் கீழேயே உட்கார்ந்து, நரி எந்த நொடியில் தயங்கியது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். போன வருடம் வலை கட்டியவர், வடக்குத் தெருக்காரர், அதிகம் பேசாதவர், எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்திருந்தார். கடைசியில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க காட்டுல ஊத்துப் பள்ளத்தை ஒட்டி ஒரு தடம் இருக்குது. போன வருசம் யார்கிட்டயும் சொல்லல. காலையில வந்து பாக்கறியா?"

"வாரேன்" என்றார் மாமா.

என் விடுப்பு முடிந்திருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் சேலத்துக்குக் கிளம்பினேன். மாமா வழியனுப்ப வரவில்லை. நான் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி வைத்தேன். ஊரைத் தாண்டி வடக்குக் காடுகளை ஒட்டிப் பஸ் வளையும் இடத்தில், பனி கொஞ்சம் கிழிந்து, தூரத்தில் இரண்டு ஆட்கள் தெரிந்தார்கள். இருவரும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையை நீட்டி எதையோ காட்டினார். மற்றவர் தலையை ஆட்டி, வேறு பக்கம் காட்டினார். அதற்குள் பனி மூடிக்கொண்டது. பஸ் ஆத்தூர் சாலையில் ஏறிச் சேலம் பக்கம் திரும்பியது.